கழற்றுவதற்கு முன் காரணத்தை எழுதுங்கள்: ஒரு மருத்துவ இயக்குநருக்குத் திறந்த மடல்

மருத்துவ இயக்குநர் அவர்களுக்கு,

நான் கொடுத்த புகாருக்கு உங்கள் நிர்வாகம் அனுப்பிய பதில் கிடைத்தது. வருத்தம் தெரிவித்து இரண்டு வரி. அதோடு, இனி இப்படி நடக்காமலிருக்க எடுத்த நடவடிக்கை என்று ஒரு சுற்றறிக்கையின் நகல். நோயாளிகள் கொண்டுவரும் இன்சுலின் பம்பு, குளுக்கோஸ் சென்சார் போன்ற கருவிகளுக்கு உள்நோயாளிப் பிரிவில் இனி அனுமதி இல்லை, அட்மிஷன் போடும்போதே கழற்றி உறவினரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்கிறது அது. என் பம்பைக் கழற்றியதால் வந்த வினையைப் பற்றித்தான் நான் புகார் கொடுத்திருந்தேன். அதற்குப் பரிகாரமாக எல்லோருடைய பம்பையும் கழற்ற உத்தரவு போட்டிருக்கிறீர்கள், சென்சாரையும் சேர்த்து.

மறுபடியும் தனியாக எழுதினால் மறுபடியும் இரண்டு வரிதான் வரும். அதனால்தான் இதைப் பொதுவில் வைக்கிறேன். உங்கள் மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. உங்களை அவமானப்படுத்துவது என் நோக்கமில்லை. அதோடு, நீங்கள் தாளில் எழுதிவிட்டதைத் தாளில் எழுதாமலே கடைப்பிடிக்கும் மருத்துவமனைகள் நம் ஊர்களில் நிறைய இருக்கின்றன.

எனக்குப் பதினோரு வயதில் டைப் 1 என்று கண்டுபிடித்தார்கள். கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்ட நோய். மாத்திரைக்கு இதில் வேலை இல்லை. சாப்பிட்டால் இன்சுலின் வேண்டும், பட்டினி கிடந்தாலும் வேண்டும். பட்டினியில் அளவு குறையும், அவ்வளவுதான். அறவே வேண்டாம் என்கிற நேரம் ஒரு நாளும் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை உங்கள் வார்டில் நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. உங்களுக்கு இது முதலாண்டுப் பாடம் என்று தெரியும். ஆனாலும் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

இடுப்பில் செருகியிருக்கும் பம்பு, தோலுக்கடியில் இருக்கும் மெல்லிய குழாய் வழியாக நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக இன்சுலினை அனுப்பிக்கொண்டிருக்கும். அதில் நிரப்புவது வேகமாக வேலை செய்து வேகமாகத் தீர்ந்துபோகும் இன்சுலின் மட்டும். பம்பைக் கழற்றி மூன்று நான்கு மணி நேரம் போனால் உடம்பில் அநேகமாக இன்சுலினே இருக்காது. மேல்கையில் ஒட்டியிருக்கும் சென்சார் வேறு வேலை செய்கிறது. தோலுக்கடியில் உள்ள திசுநீரின் சர்க்கரையைச் சில நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து போனுக்கு அனுப்பும். ரத்தத்தில் நடப்பதை விட ஐந்து, பத்து நிமிடம் பின்தங்கித்தான் சொல்லும். ஆனால் எண்ணோடு ஓர் அம்புக்குறியும் காட்டும்: ஏறுகிறதா, இறங்குகிறதா, எவ்வளவு வேகத்தில் என்று. விரலில் குத்திப் பார்க்கும் எண்ணில் அந்த அம்புக்குறி இல்லை.

ஸ்கூட்டரின் குறுக்கே நாய் ஓடி, விழுந்து, கணுக்கால் முறிந்து உங்கள் காசுவால்டிக்கு வந்தேன். எலும்பு டாக்டரின் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்று நன்றாக நடக்கிறேன். தியேட்டருக்குள் போகுமுன் பம்பைக் கழற்றச் சொன்னதிலும் குறை இல்லை. அறுவைச் சிகிச்சையின்போது கழற்ற வேண்டியிருக்கலாம், எம்.ஆர்.ஐ. என்றால் கட்டாயம் கழற்றியே ஆக வேண்டும் என்று எனக்கும் தெரியும். நான் கேட்டது ஒன்றே ஒன்று: இதற்குப் பதிலாக எந்த இன்சுலின் போடப்போகிறீர்கள்? "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்மா" என்றார் டியூட்டி டாக்டர்.

பார்த்துக்கொண்ட விதம் இதுதான். வார்டுக்கு வந்தபின் பம்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நர்ஸ் மேசைக்குப் பின்னால் சுவரில், செல்லோடேப் மஞ்சளாகிப்போன ஒரு ஜெராக்ஸ் தாள் ஒட்டியிருக்கிறது. சர்க்கரை 150க்குக் கீழே என்றால் இன்சுலின் வேண்டாம். அதற்கு மேலே ஏற ஏற ரெகுலர் இன்சுலின் இத்தனை யூனிட் என்று படிப்படியாகப் போகும். ஸ்லைடிங் ஸ்கேல். மாலையில் குத்திப் பார்த்தபோது எனக்கு 142. தாள் சொன்னபடி இன்சுலின் இல்லை. அதாவது, இன்சுலினே சுரக்காத ஒருத்திக்கு, காலையில் பம்பைக் கழற்றியதிலிருந்து ஒரு சொட்டு இன்சுலின் போகாத நிலையில், சர்க்கரை நன்றாக இருப்பதால் இன்சுலின் தேவையில்லை என்று முடிவு. இரவு 268 வந்ததும் ஆறு யூனிட். விடியற்காலையில் வாந்தி. மயக்கமருந்தால் வந்த வாந்தி என்று ஊசி போட்டார்கள். சர்க்கரை 371. இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலமான கீட்டோனைப் பாருங்கள் என்று நான் கேட்டதற்கு, லேபுக்கு எழுத டாக்டர் வரட்டும் என்றார்கள். என் தம்பி வீட்டிலிருந்த கீட்டோன் மீட்டரைக் கொண்டுவந்து குத்திப் பார்த்தான்: 2.4. மூன்றைத் தொட்டால் கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தமே அமிலமாகிப்போகும் நிலை. அது ஐ.சி.யூ. சமாச்சாரம். அப்புறம்தான் சர்க்கரை டாக்டரைப் போனில் பிடித்தார்கள். அவர் இரண்டு நிமிடத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டு நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைத் தொடங்கச் சொன்னார். அவருக்கு நன்றி.

அந்தத் தாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். ஸ்லைடிங் ஸ்கேலை மட்டும் நம்பக் கூடாது என்பது நேற்று வந்த கருத்து இல்லை. 2007இல் அமெரிக்காவில் வெளியான ராபிட் 2 ஆய்வில், டைப் 2 நோயாளிகள் 130 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு நாள் முழுக்க வேலை செய்யும் அடிப்படை இன்சுலினும் சாப்பாட்டு இன்சுலினும், மறு பாதிக்கு ஸ்லைடிங் ஸ்கேலும் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை 140க்குக் கீழே வந்தவர்கள் முதல் குழுவில் 66 சதவீதம், இரண்டாவதில் 38. கொஞ்சமாவது சொந்த இன்சுலின் சுரக்கிறவர்களிலேயே இந்தக் கதி. எனக்கு அந்தத் தாள் எதற்கு? உங்கள் சுற்றறிக்கை பம்பை வெளியேற்றுகிறது, சென்சாரை வெளியேற்றுகிறது, அந்த மஞ்சள் தாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

பேனா இன்சுலின் (பேனா வடிவக் கருவியில் அடைத்து வருவது) தொடங்கிய அன்று நடந்ததை நான் புகாரில் எழுதவில்லை. ஒரு பெண்ணின் வேலை போய்விடக் கூடாது என்று விட்டிருந்தேன். இப்போது யாரையும் அடையாளம் காட்டாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இது ஆள் பிரச்சினை இல்லை. வார்டில் பேனாவுக்கான ஊசி ஸ்டாக் இல்லை. வந்த சிஸ்டர் சின்னப் பெண். பேனாவிலிருந்து கார்ட்ரிட்ஜை உருவி, சிவப்பு மூடி சிரிஞ்சால் அதிலிருந்து உறிஞ்சப் போனார். டாக்டர் எழுதியது பத்து யூனிட். சிரிஞ்சிலும் பத்து என்கிற கோடு வரைதான் இழுத்தார். அவர் கணக்கில் தப்பில்லை. ஆனால் சிவப்பு மூடி சிரிஞ்சு, ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் குப்பிக்கானது. பேனா கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட், அந்த வலுவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. அந்தப் பத்துக் கோட்டில் இருந்தது 25 யூனிட். கையைப் பிடித்து நிறுத்தினேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தப் படுக்கையில் என் இடத்தில், சிவப்பு மூடிக்கும் ஆரஞ்சு மூடிக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு பாட்டி படுத்திருந்தால்? நம் நாட்டில் இரண்டு வலுவில் இன்சுலின் விற்கிறார்கள். அப்படி இருக்கும்வரை இந்த விபத்து எந்த வார்டிலும் எந்த நாளும் நடக்கலாம். இருந்தும், ஆபத்தான கருவி என்று உங்கள் சுற்றறிக்கை சொல்வது என் பம்பை. முந்தைய நாள் காலை வரை பத்தில் ஒரு பங்கு யூனிட் கணக்குக்கூடப் பிசகாமல் கொடுத்துக்கொண்டிருந்த கருவி அது.

சரி, ஊசி தொடங்கியபின் என் சர்க்கரை இறங்கிய இரவுக்கு வருகிறேன்.

பம்பை வாங்கிக்கொண்டார்களே தவிர கையில் ஒட்டியிருந்த சென்சாரை யாரும் கவனிக்கவில்லை. அதன் அலாரம் ஒரு தடவை அடித்ததும் பக்கத்துப் படுக்கைகளுக்குத் தொந்தரவு என்று போனை சைலண்டில் போட்டு, கட்டிலருகே இருந்த அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனார்கள். பெண்கள் வார்டு, இரவு ஒன்பதுக்கு மேல் ஆண்கள் இருக்கக் கூடாது என்று தம்பியையும் அனுப்பிவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய ஊசியைப் போட்டார்கள், சாப்பாட்டு டிராலி வரவில்லை. லிஃப்ட் கோளாறு என்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி வந்த இட்லியில் பாதிதான் இறங்கியது. வலி மாத்திரையின் அசதியில் தூங்கிவிட்டேன்.

சென்சாரின் அளவைக் குடும்பத்தில் ஒருவர் தன் போனிலும் பார்க்கும் வசதி உண்டு. பூட்டிய அலமாரிக்குள்ளிருந்து என் போன் அனுப்பியதைத் தம்பி வீட்டில் பார்த்திருக்கிறான். 88. 71. 62. அம்பு நேர்க்கீழே. அவனுடைய போன் அலறியிருக்கிறது. வார்டு நம்பருக்கு அடித்தான், யாரும் எடுக்கவில்லை. ரிசப்ஷனுக்கு அடித்தான், மாற்றித் தருகிறோம் என்றார்கள், லைன் அறுந்தது. நல்லவேளை, வார்டில் துணைக்கு இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் நம்பர் வாங்கி வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். பக்கத்துப் படுக்கை அம்மாவின் மகளைக் கூப்பிட்டான். அந்தப் பெண் எழுந்து வந்து என்னை உலுக்கியிருக்கிறார். நான் வியர்வையில் நனைந்து, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறேன். ஹார்லிக்ஸுக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்துவிட்டு அவரே போய் சிஸ்டரை எழுப்பினார். குத்திப் பார்த்தபோது 51. அதுவும் சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போனபிறகு.

நர்ஸ் மேசை என் கட்டிலிலிருந்து இருபதடி. நான் தாழ்வதைப் பார்த்தவன் ஊரின் மறுகோடியில் இருந்தான்.

சிஸ்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தளத்துக்கே இரவில் இரண்டு பேர். ஒருவர் புதிதாக வந்த கேஸோடு, இன்னொருவர் டிரிப் மாற்றிக்கொண்டு. ஒவ்வொரு சர்க்கரை நோயாளியையும் நாலு வேளை விரலில் குத்தி எழுதுவதற்கே அவர்களுக்குக் கை போதவில்லை. நடுராத்திரி இரண்டு மணிக்கும் பார் என்று அவர்களிடம் எப்படிக் கேட்பது? அந்த வேலையைக் கூலி வாங்காமல் என் கையில் ஒட்டியிருந்த ஒன்று செய்துகொண்டிருந்தது. அதன் அலாரம் அடிக்கும் போனை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

மறுநாள் சார்ட்டில் காலை ஆறு மணி 148 என்று இருந்தது. அந்த 51 இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி: சிகிச்சைக் காலத்தில் ரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தது. சென்சாரின் வரைபடத்தை அச்செடுத்து என் புகாரோடு இணைத்திருந்தேன். அதைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று உங்கள் பதிலிலிருந்து தெரியவில்லை. விரலில் குத்திய நாலு எண்ணைக் கோடு போட்டு இணைத்தால் அழகான, அலையில்லாத குளம். சென்சார் காட்டுவது, அதே ராத்திரியில், ஒரு பள்ளம்.

இனி உங்கள் பதிலில் சொல்லியிருக்கும் காரணங்கள்.

சென்சாரின் துல்லியம் மருத்துவமனைச் சூழலில் உறுதிப்படவில்லை என்கிறீர்கள். பாதி உண்மை. ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு, உடம்பு நீர்கோத்து வீங்கியவருக்கு, அழுத்தத்தை ஏற்றும் மருந்துகள் ஓடிக்கொண்டிருப்பவருக்குச் சென்சாரை நம்பி மருந்து கொடுக்கக் கூடாது. அது இருக்கும் கைமேல் ஒருக்களித்துப் படுத்தால் பொய்யாக லோ (சர்க்கரை தாழ்வு) காட்டும், வைட்டமின் சி அதிக அளவில் ஏற்றினால் சில சென்சார்கள் தடுமாறும். எங்களுக்கும் இது தெரியும், சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்ப்போம். ஆனால் விரலில் குத்தும் மீட்டர் மட்டும் சத்தியவாக்கா? ஆரஞ்சு உரித்த விரலைத் துடைக்காமல் குத்தினால் அதுவும் எகிறும். குளுக்கோஸ் டிரிப் ஏறும் கையிலேயே ரத்தம் எடுத்தால் இல்லாத சர்க்கரையைக் காட்டும். வீட்டு மீட்டர்களுக்கான உலகத் தரமே 100க்கு மேல் இருந்தால் பதினைந்து சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்கிறது. அதற்காக மீட்டரைத் தூக்கி எறிந்துவிடவில்லை, எப்போது நம்பலாம் என்று கற்றுக்கொண்டோம்.

2020 ஏப்ரலில், கொரோனா உச்சத்தில், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தச் சென்சார்களை மருத்துவமனை நோயாளிகளுக்குப் பயன்படுத்துவதை ஆட்சேபிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. கவச உடை மாட்டிக்கொண்டு மணிக்கொரு தடவை உள்ளே போய்க் குத்த ஆளில்லை என்பதே காரணம். அங்கே மருத்துவமனைகள் ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தன. முதலில் சில தடவை சென்சாரையும் விரல் ரத்தத்தையும் ஒப்பிடுவார்கள். வித்தியாசம் இருபது சதவீதத்துக்குள் இருந்தால் நடுநடுவே சென்சாரையே பார்ப்பார்கள், குறித்த நேரங்களில் விரலிலும் சரிபார்ப்பார்கள். எளிய ஏற்பாடு. அதே காலத்தில் நம்மிடம் என்ன நடந்தது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். 2021 இரண்டாம் அலையில் ஸ்டீராய்டு ஏறி, சர்க்கரை கண்டபடி எகிறி, கருப்புப் பூஞ்சையில் கண்ணையும் தாடையையும் இழந்தவர்கள் எத்தனை பேர்! அந்த மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கத்தக்க நோயாகவே பிரகடனம் செய்ய வேண்டி வந்தது. மருத்துவமனையில் சர்க்கரையைச் சரியாகப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை.

வெளிநாட்டு நெறிமுறைகள் நமக்குப் பொருந்தாது என்று உங்கள் மக்கள் தொடர்பு அலுவலர் போனில் சொன்னார். அவர் டாக்டர் இல்லை, விட்டுவிடலாம். ஆனால் நீங்கள் அறிவீர்கள்: அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் சிகிச்சைத் தரங்களில் மருத்துவமனைச் சிகிச்சைக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது. ஸ்லைடிங் ஸ்கேலை மட்டும் வைத்து ஓட்டாதே என்பதும், பம்பையும் சென்சாரையும் தானே கையாளத் தெரிந்த நோயாளி, உடல்நிலை இடம் கொடுத்தால், உள்ளே வந்தபிறகும் அவற்றைத் தொடர விடு என்பதும் அதில் இருக்கின்றன. 2022இல் ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி வெளியிட்ட வழிகாட்டுதலும் பம்பைத் தொடர்வதையே முதலில் சொல்கிறது, இன்சுலினால் லோ ஆகும் அபாயம் அதிகமுள்ள நோயாளிக்கு மருத்துவமனையே சென்சார் வைக்கலாம் என்றும் சொல்கிறது. இதில் நம் ஊருக்குப் பொருந்தாதது எது? கணையம் ஊருக்கு ஊர் வேறா? பொருந்தாமல் போனால் ஒன்றே ஒன்றுதான், விலை. ஒரு சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது, காப்பீட்டில் வாங்குவதும் பெரும்பாடு. ஆனால் நான் சொந்தக் காசில் வாங்கி ஒட்டிக்கொண்டு வந்ததற்கு உங்களுக்கு என்ன செலவு?

ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு யாருடையது என்பதுதான் நிஜமான காரணம் என்று நினைக்கிறேன். அது நியாயமான கவலை, அதை நான் கேலி செய்யவில்லை. என் பம்பில் நான் தவறான அளவை அழுத்தி லோ ஆனால் உங்கள் நர்ஸ் கோர்ட் ஏறக் கூடாது. அதற்குத்தான் எழுத்து வேண்டும். நோயாளி கையெழுத்திடும் ஒப்பந்தம், பம்பில் உள்ள அளவுகளை அட்மிஷனில் குறித்துக்கொள்வது, ஷிஃப்டுக்கு ஒரு தடவை குழாய் செருகிய இடத்தைப் பார்ப்பது, எப்போது எவ்வளவு இன்சுலின் போட்டுக்கொண்டேன் என்று நான் சொல்வதைச் சார்ட்டில் ஏற்றுவது. நினைவு தப்பினால், கீட்டோஅசிடோசிஸ் என்றால், ஐ.சி.யூ.வில் மோசமாக இருந்தால், மாற்று உபகரணங்கள் கையில் இல்லை என்றால், தற்கொலை எண்ணம் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் கழற்றிவிடுவது. நானே எழுதிக் கொடுப்பேன், கழற்றுங்கள் என்று. தடை போட்டால் மட்டும் பொறுப்பு போய்விடுமா? என்னை அந்தக் காலை 371இல் கொண்டு நிறுத்தியது என் பம்பு இல்லை, பம்பு இல்லாதது. அதற்கும் யாரோ பொறுப்புதானே?

பக்கத்துப் படுக்கை அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைப் 2, ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு போய்க்கொண்டிருந்தது. காலையில் போட்ட ஸ்டீராய்டு மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையைத் தூக்கும். அவருக்குக் காலை வெறும் வயிற்றில் குத்தினால் 130, 140 வரும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். மாலை ஐந்து மணிக்கு என் மீட்டரில் பார்த்தோம், 340. அவர் கையில் ஒரு சென்சார் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். வெளியிலேயே இப்படி என்றால் உங்கள் வார்டில் எத்தனை கட்டில் என்று எண்ணிப் பாருங்கள். எலும்புக்கு வந்தவர், இதயத்துக்கு வந்தவர், பிரசவத்துக்கு வந்தவர் என்று எல்லாத் தளத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். பம்பு வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். எங்கள் கருவியைக் கழற்ற உத்தரவு போட்டதால் அந்த மற்றவர்களுக்கு ஒன்றும் நல்லது நடந்துவிடவில்லை.

நான் உங்களிடம் கேட்பவை இவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக உங்கள் சர்க்கரை டாக்டரையும், நர்சிங் சூப்பரின்டெண்டென்டையும், முடிந்தால் பம்பு போட்டிருக்கும் ஒரு நோயாளியையும் உட்கார வைத்து ஒரு பக்க நடைமுறை எழுதுங்கள். நான் வரத் தயார்.

அட்மிஷன் படிவத்தில் "சர்க்கரை நோய்: ஆம் / இல்லை" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. டைப் 1 என்பதைத் தனிக் கட்டமாக்குங்கள். அதில் டிக் விழுந்தால் கேஸ் ஷீட்டின் முகப்பிலேயே "இன்சுலினை எக்காரணம் கொண்டும் முழுதாக நிறுத்தக் கூடாது" என்று சிவப்பில் இருக்க வேண்டும், அந்த நோயாளிக்கு ஸ்லைடிங் ஸ்கேலை மட்டும் எழுதுவதைத் தடை செய்ய வேண்டும், அன்றே சர்க்கரை டாக்டருக்குத் தகவல் போக வேண்டும்.

பம்பைக் கழற்றுவது டாக்டரின் முடிவாக இருக்கட்டும், வாசலில் இருக்கும் வழக்கமாக வேண்டாம். கழற்றுகிறவர் காரணத்தையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாற்று இன்சுலின் என்ன, எப்போது தொடங்கியது என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். திரும்ப எப்போது மாட்டலாம் என்பதும்.

சென்சார் உள்ள நோயாளியின் போன் அவர் கைக்கெட்டும் தூரத்தில், சத்தத்தோடு இருக்கட்டும். அவர் சம்மதித்தால் நர்ஸ் மேசையில் ஒரு போனிலும் அந்த எண் தெரியட்டும். 70க்குக் கீழே அலாரம் அடித்தால் விரலில் குத்திச் சரிபார்த்து, வந்த எண் எதுவானாலும் சார்ட்டில் எழுதட்டும். இன்சுலின் ஊசியைச் சாப்பாட்டுத் தட்டு கட்டிலுக்கு வந்தபிறகே போடட்டும். இதற்குக் கருவிகூட வேண்டாம்.

பேனா ஊசிகளை எல்லா வார்டிலும் ஸ்டாக் வையுங்கள். பேனா கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைச் செருகுவதை முழுதாகத் தடை செய்யுங்கள். சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி வித்தியாசத்தைப் புதிதாகச் சேரும் ஒவ்வொரு நர்சுக்கும் கையில் கொடுத்துக் காட்டுங்கள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

கடைசியாக என் சொந்த விஷயம். என் மருத்துவப் பதிவில் அந்த 371, கீட்டோன் 2.4, இரவு 51 மூன்றையும் நேரத்தோடு சேர்த்து, "சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தது" என்கிற வரியை நீக்கி, திருத்திய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தர வேண்டும். அடுத்து எங்கே எந்த டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் படிக்கப்போவது அதைத்தான். மேலே கேட்டவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். இந்த மடலின் நகலையும் சென்சார் வரைபடத்தையும் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கும், மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் தேசிய வாரியத்துக்கும் அனுப்புகிறேன். உங்கள் பதில் வந்தால் அதையும் அவர்களுக்கு அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
மூன்றாம் தளப் பெண்கள் வார்டில் இருந்த உங்கள் நோயாளி